35 வயசுல வேற படிப்பு: தடை வயசு இல்ல, பழைய மார்க் ஷீட்!

பத்தாவதோட படிப்பை நிறுத்தி பதினைஞ்சு வருஷம் ஆச்சு. அன்னிக்கு உட்கார்ந்த தறியிலதான் இன்னிக்கும் வேலை. இப்போ பி.காம். படிக்கணும்னு ஆசை. முடியுமா? முடியும். ‘சரி, அந்த டிகிரியைக் காட்டி கவர்ன்மென்ட் வேலைக்குப் போகலாமா?’ இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் பதில் அவ்வளவு சுலபமில்லை. எந்த வழியாக அந்த பி.காம்.-க்குப் போனார் என்பதைப் பொறுத்து அது மாறும்.

சின்ன காஞ்சிபுரத்தில் இந்த ஆசை ரெண்டு விதமான ஆட்களுக்கு வரும். ஒருவர், வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறியில் உட்கார்ந்திருப்பவர். படிப்பு பாதியில் நின்றது. கணக்கு வழக்கோ, டிசைனோ, கம்ப்யூட்டரோ படித்து வேறு பக்கம் போக நினைக்கிறார். இன்னொருவர், ‘தறி நம்மோட போகட்டும்’ என்று அப்பா அம்மா டிப்ளமோவோ இன்ஜினீயரிங்கோ படிக்க வைத்த பிள்ளை. விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்து ஒரகடமோ ஸ்ரீபெரும்புதூரோ போய் வருகிறார். முப்பதை நெருங்கும்போது, ‘இது நம்ம சப்ஜெக்ட்டே இல்லையே’ என்று தோன்றுகிறது. சட்டம், சைக்காலஜி, தமிழ் இலக்கியம் என்று மனசு போகிறது.

ரெண்டு பேருக்கும் வீட்டில் கிடைக்கும் முதல் பதில் ஒன்றுதான்: ‘இந்த வயசுலயா?’ ஆனால் விதிமுறைகளைப் புரட்டிப் பார்த்தால், மாட்டிக்கொள்வது வயதில் இல்லை.

வயது: கதவு ஏறக்குறைய திறந்தாச்சு

வயது வரம்புக்குப் பேர்போனது மருத்துவப் படிப்பு. நீட் எழுத பொதுப் பிரிவினருக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்று மேல் வரம்பு இருந்தது. வழக்குகள் நடந்தன. கடைசியில் 2022 மார்ச்சில், இளநிலை நீட் தேர்வுக்கு மேல் வயது வரம்பே கிடையாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே, வழக்கு நிலுவையில் இருந்த காலத்திலேயே, ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் நீட் தேறி, 2020-ல் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்தார். வங்கியிலிருந்து எம்.பி.பி.எஸ். இதைவிடப் பெரிய சப்ஜெக்ட் மாற்றம் இருக்க முடியாது.

சட்டப் படிப்பிலும் இதே கதை. ஐந்தாண்டு படிப்புக்கு 20, மூன்றாண்டு படிப்புக்கு 30 என்று இந்திய பார் கவுன்சில் 2008 விதிகளில் வரம்பு வைத்தது. இடையில் அதைத் திரும்பப் பெற்றது, 2016-ல் மறுபடி கொண்டுவந்தது. 2017 மார்ச்சில் அதற்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. தொலைநிலைக் கல்வியைப் பொறுத்தவரை மேல் வயது என்ற பேச்சே இல்லை. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கும் சில ரெகுலர் படிப்புகளில் மட்டும் இன்னும் வயதுக் கணக்கு உண்டு. அந்தந்த ஆண்டு சேர்க்கை வழிகாட்டியில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சட்டப்படி கதவு திறந்திருந்தாலும், உள்ளே போவது நியாயமா என்ற கேள்வி வேறு. தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள்ஒதுக்கீட்டில் நீட் தரவரிசைக்குள் வந்து, 2022 ஜனவரியில் கவுன்சலிங்குக்கும் வந்தார். சென்னையே திரும்பிப் பார்த்தது. அவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ‘நீங்க சேர்ந்தா ஒரு அரசுப் பள்ளிப் பிள்ளையோட சீட் போயிடும்’ என்று டாக்டருக்குப் படித்த அவரது மகன் எடுத்துச் சொன்னதாகச் செய்திகள் வந்தன. எண்ணி வைத்த இடங்கள் உள்ள படிப்பில் இந்தத் தர்மசங்கடம் இருக்கத்தான் செய்யும். பி.காம்., பி.ஏ. தொலைநிலைப் படிப்பில் அந்தக் கவலை இல்லை. யார் இடத்தையும் யாரும் பறிப்பதில்லை.

அப்போ எங்கே சிக்கல்?

பழைய சான்றிதழ் வரிசையில். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டு பட்டம், அதன் பிறகு முதுநிலை. சுருக்கமாக 10+2+3. இந்த வரிசையில் ஒரு படி காணாமல் போனால், மேலே எத்தனை பட்டம் ஏறினாலும் ஆட்டம்தான்.

இந்த விஷயத்தில் நாடு முழுக்கப் பேசப்படும் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் வந்தது. முறையான இளநிலைப் பட்டம் இல்லாமல், திறந்தநிலை முறையில் நேரடியாக எம்.ஏ. வாங்கினால், அது அரசுப் பதவிக்கான தகுதியாகுமா என்பதுதான் கேள்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்த அந்த வழக்கில், 2009 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ‘செல்லாது’ என்றது. முதல் பட்டம் இல்லாமல் முதுநிலைப் பட்டம் கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985 விதிகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் என்பது தீர்ப்பின் சாரம்.

ஆறு மாதத்தில் தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை ஓர் அரசாணை போட்டது. எண் 107, நாள் 18.8.2009. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடித்த பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டயம், பட்டம், முதுநிலைப் பட்டம் மட்டுமே அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் உள்ளடக்கம். அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படிப்பவர்களிடம் ‘ஜி.ஓ. 107’ என்று சொன்னாலே போதும், புரியும்.

இது யாரைத் தாக்கியது என்று பார்க்க வேண்டும். வசதியும் வாய்ப்பும் இருந்தவர்கள் பிளஸ் டூ முடித்துவிட்டுத்தான் கல்லூரிக்குப் போனார்கள். எட்டாவதிலோ பத்தாவதிலோ தறிக்கோ கடைக்கோ போனவர்களுக்காகத்தான் ‘பிளஸ் டூ இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 18 வயது ஆனால் போதும், ஒரு தயாரிப்புப் படிப்பு முடித்துவிட்டு டிகிரி சேரலாம்’ என்ற வழியைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வைத்திருந்தன. பி.பி.பி. என்பார்கள். அந்த வழியில் போனவர்கள் படிக்கத்தான் செய்தார்கள். அசைன்மென்ட் எழுதினார்கள், தேர்வில் பாஸ் ஆனார்கள். பட்டமும் கையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் ‘பிளஸ் டூ தேர்ச்சி பெற்ற ஆண்டு’ என்ற கட்டம் வரும்போதுதான் நிரப்ப ஒன்றும் இல்லை.

சட்டம் படிக்கவும் இதே கேட். அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாகப் பிளஸ் டூவோ பட்டமோ பெற்றவர்களுக்கு எல்.எல்.பி. சேரத் தகுதியில்லை என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. தனியார் கம்பெனியில் இதையெல்லாம் யாரும் நோண்டிப் பார்க்க மாட்டார்கள் என்பது பாதி உண்மைதான். சில இடங்களில் பின்னணிச் சரிபார்ப்பு என்ற பெயரில் பத்தாம் வகுப்பிலிருந்தே கேட்கிறார்கள்.

ஓட்டையை அடைப்பது எப்படி?

வரிசையில் எந்தப் படி இல்லையோ அதை முதலில் கட்டுவதுதான் வழி. ரெண்டு வருஷம் கூடுதலாகப் போகும். ஆனால் பின்னால் ஆறு வருஷம் வீணாவதைவிட அது மலிவு.

ஒன்று, தனித்தேர்வர் வழி. பள்ளியில் சேராமலேயே அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் பத்தாம் வகுப்பு, மேல்நிலைத் தேர்வுகளை எழுதலாம். டியூஷன் சென்டர்காரர்கள் ‘பிரைவேட்டா எழுதறது’ என்று சொல்வது இதைத்தான். மாநில வாரியச் சான்றிதழே கிடைப்பதால் அரசு வேலையைக் குறிவைப்பவர்களுக்குக் கேள்வி குறைவான பாதை இது.

இன்னொன்று, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி. மேல் வயது வரம்பு இல்லை. ஒரு முறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்தத் தடவை ரெண்டு, அடுத்த தடவை ஒன்று என்று முடிக்கலாம். தறியோ ஷிப்ட்டோ விடாமல் படிக்கிறவருக்கு இது பெரிய வசதி.

நெசவுக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சலுகை இருக்கிறது. பலருக்குத் தெரியாது. 2016 ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி தினத்தன்று, மத்திய ஜவுளி அமைச்சகம் என்.ஐ.ஓ.எஸ்., இக்னோ இரண்டுடனும் ஒப்பந்தம் போட்டது. கைத்தறி நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், பெண்கள் இந்த நிறுவனங்களில் படித்தால், கட்டணத்தில் 75 சதவீதத்தை அமைச்சகம் ஏற்கும். ‘பெண்கள்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள்: நெசவாளர் வீட்டுப் பெண் என்றாலே போதும், வறுமைக்கோட்டுச் சான்று தனியாகத் தேவையில்லை. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. நெசவாளர் அடையாள அட்டையோடு அங்கே போய்க் கேட்பதுதான் முதல் வேலை. கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். கட்டிவிட்டு அலைவதில் அர்த்தமில்லை.

சப்ஜெக்ட் மாற்றினால் என்ன ஆகும்?

கம்பெனி பஸ்ஸில் போகும் அந்த இன்ஜினீயருக்கு வருவோம். அவரது 10+2+3 வரிசை சரியாக இருக்கிறது. இன்னும் சொன்னால் நாலு வருஷப் பட்டம். அவருக்கு வரும் சிக்கல் வேறு.

வரலாறு, சமூகவியல், ஆங்கிலம், பொருளாதாரம் போன்ற எம்.ஏ. படிப்புகளுக்கு இக்னோவில் ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பி.இ. படித்தவர் நேராக எம்.ஏ. வரலாறு சேரலாம். படிப்பதற்குத் தடையில்லை. ஆனால் அதை வைத்து ஆசிரியர் வேலைக்குப் போக நினைத்தால் நிதானம் தேவை. இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம் என்பதை ‘கிராஸ் மேஜர்’ என்பார்கள். ஆசிரியர் பணிக்கான அறிவிக்கைகளில் எந்தப் பாடத்தில் எந்தப் பட்டம் என்பது வரிக்கு வரி முக்கியம். ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள் ஒரே வருஷத்தில் இன்னொரு பாடத்தில் வாங்கிய ‘இரட்டைப் பட்டம்’ ஆசிரியர் பணிக்குச் செல்லுமா என்பது நீதிமன்றம் வரை போய் அடிபட்ட விவகாரம். எந்த வேலைக்காகப் படிக்கிறோமோ, அந்த வேலையின் கடைசி அறிவிக்கையைத் தேடிப் படித்துவிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சைக்காலஜி பக்கம் போக நினைத்தவர்களுக்கு 2025-ல் பெரிய அடி விழுந்தது. ஐ.டி.யிலிருந்தும் எச்.ஆர்.-லிருந்தும் கவுன்சலிங் துறைக்கு மாற விரும்பியவர்கள், வேலையை விடாமல் தொலைநிலையில் எம்.ஏ. சைக்காலஜி சேருவது வழக்கமாகிவிட்டிருந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவு மற்றும் ஊட்டச்சத்து உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. இந்தப் பாடங்களில் மனிதர்களை நேரில் பார்த்துப் பயிற்சி பெற வேண்டும் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் வேலையை விட முடியாதவருக்கு அந்தக் கதவு மூடியது மூடியதுதான். இன்னமும் ‘ஆன்லைன் எம்.ஏ. சைக்காலஜி, அட்மிஷன் ஓப்பன்’ என்று விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் கட்டாதீர்கள்.

மருத்துவம், நர்சிங், பார்மஸி, பிசியோதெரபி, இன்ஜினீயரிங், சட்டம், விவசாயம், ஆர்க்கிடெக்சர் எல்லாம் ஏற்கெனவே தொலைநிலையில் அனுமதி இல்லாதவை. வக்கீல் ஆக வேண்டுமானால் பட்டத்தில் 45 சதவீதம் (பட்டியல் பிரிவினருக்கு 40) மதிப்பெண்ணோடு மூன்றாண்டு எல்.எல்.பி.-யில் சேர்ந்து வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். செங்கல்பட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து ரயிலிலேயே போய் வரலாம். வேலையும் பார்த்துக்கொண்டு போக முடியுமா என்பதுதான் வேறு விஷயம். டிப்ளமோ முடித்து ஆலையில் வேலை செய்பவர்கள் பி.இ. படிக்க, பணியில் இருப்போருக்கான தனி வகுப்புகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி தந்திருக்கிறது. வகுப்பு நேரம் வேலைக்குத் தக்கபடி இருக்கும். ஆனால் வேலை பார்க்கும் இடம் கல்லூரியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்க வேண்டும், பணி அனுபவமும் வேண்டும். ஒரகடம் பக்கம் வேலை செய்பவர்கள் சுற்றியுள்ள கல்லூரிகளில் விசாரிக்கலாம்.

காஞ்சிக்கு இது புதுசா?

கர்நாடகத்தில் தாளகுந்தா என்ற ஊரில் ஐந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வேதம் கற்கக் காஞ்சியின் கடிகைக்கு (அந்தக் காலத்து உயர்கல்விக்கூடம்) வந்த மயூரசர்மன், பல்லவக் குதிரைவீரன் ஒருவனுடன் ஏற்பட்ட தகராறில் படிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு வாள் எடுத்து, கடம்ப அரசையே நிறுவினார் என்கிறது. சான்றிதழ் சரிபார்ப்பு இல்லாத காலம்.

நம் காலத்துக்கு நெருங்கிய உதாரணம் மு.வரதராசன். வட ஆர்க்காட்டுக்காரர். பள்ளி முடித்துத் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தார். உடல்நிலை காரணமாக அந்த வேலையை விட்டு, தானே படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் முதலிடம் வாங்கினார். பிறகு பள்ளியில் தமிழாசிரியர் வேலை பார்த்துக்கொண்டே 1939-ல் பி.ஓ.எல்., பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1944-ல் எம்.ஓ.எல்., 1948-ல் முனைவர் பட்டம். அதாவது தாலுகா ஆபீஸ் எழுத்தர், ஒரு படியையும் தாண்டாமல், ஒவ்வொரு படியாக ஏறித்தான் மு.வ. ஆனார். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அதே ஆண்டில்தான் அங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அது 1981-ல் வந்தது. ‘கரஸ்ல படிச்சேன்’ என்று நம் அத்தைகளும் சித்தப்பாக்களும் சொல்வது அந்தத் தலைமுறைக் கதை.

கல்லூரி முடிவு பண்ணியாச்சு. அடுத்து?

முதலில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, இந்தப் பருவத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தாலே எல்லாப் படிப்புக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். 2024-25 கல்வியாண்டிலிருந்து, தொலைநிலையிலோ ஆன்லைனிலோ சேரும் மாணவர் அதே தளத்தில் டெப் ஐடி என்ற அடையாள எண்ணை எடுத்தாக வேண்டும். ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்’ என்று ஏஜென்ட் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணத்தை எல்லாரும் விசாரிக்கிறார்கள். நேரத்தின் விலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மாதச் சம்பளக்காரர் பரீட்சைக்கு லீவு போடலாம். தறிக்காரருக்குச் சேலைக்குத்தான் கூலி. அதிலும் கோர்வைச் சேலை என்றால் தறியில் ரெண்டு பேர் வேண்டும்; உடம்புக்கு ஒருவர் நாடா போட, கரைக்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி, அல்லது வீட்டில் ஒருவர். ஒருவர் பரீட்சை எழுதப் போனால் ரெண்டு பேர் கையும் நிற்கும். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. டிசம்பர் என்பது தை முகூர்த்தத்துக்கான சேலைகள் தறியில் இருக்கும் நேரம்.

அதனால்தான் ‘மூணு வருஷ டிகிரி’ என்பதை மூன்று வருஷத்தில் முடித்தே தீர வேண்டும் என்று கணக்குப் போடத் தேவையில்லை. இக்னோவில் மூன்றாண்டு பி.ஏ.-வை ஆறு ஆண்டுகள் வரை இழுத்து முடிக்கலாம். மதிப்பெண்ணில் ஒரு பகுதி வீட்டிலிருந்தே எழுதி அனுப்பும் அசைன்மென்ட்டுக்குப் போகிறது. ஒரு பருவத்தில் நாலு தாள் எழுத முடியாவிட்டால் ரெண்டு எழுதலாம். சேர்க்கையும் ஆண்டுக்கு ரெண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. முகூர்த்த ஆர்டர் முடியட்டும் என்று ஒரு பருவம் தள்ளிப் போட்டாலும் ஒரு வருஷம் போய்விடாது, ஆறு மாதம்தான்.